முதல் வாரத்து மூன்று கிலோ

எடை குறைக்கப் போகிறேன் என்று யாராவது வந்து சொன்னால் நான் கேட்கிற முதல் கேள்வி, “என்ன மாத்திரை சாப்பிடறீங்க?” என்பதுதான். பாதிப் பேருக்கு முகம் மாறிவிடும். எந்த பவுடர் நல்லது, வெறும் வயிற்றில் எதைக் குடிக்கலாம், சோற்றை நிறுத்தினால் எத்தனை நாளில் தொப்பை இறங்கும், இப்படி வேறு எதையோ பேச வந்திருப்பார்கள். ஆனால் போனில் சுற்றுகிற டயட் சார்ட் ஒன்றில்கூட இந்தக் கேள்வியை நான் பார்த்ததில்லை. காலையில் இதைச் சாப்பிடு, ராத்திரி அதைத் தொடாதே என்று கட்டம் போட்டு எழுதியிருக்கும். சாப்பிடப் போகிறவருக்கு சுகர் இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா, கிட்னி எப்படி இருக்கிறது என்பதைப் பற்றி அந்தக் கட்டங்களுக்கு ஒரு கவலையும் கிடையாது.

நான் டாக்டர் இல்லை. வேலூரில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன், டி.ஃபார்ம் படித்தவன், அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குப் பேர்போன ஊர் இது. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் இரண்டு மூன்று நாள் ரயிலில் உட்கார்ந்து வைத்தியத்துக்கு வருகிறார்கள், எங்கள் பக்கம் கடை போர்டுகளில் வங்காள எழுத்தெல்லாம் இருக்கும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்தவன், எடை குறைக்க மட்டும் முகம் தெரியாத ஒருத்தர் போட்ட ரீல்ஸைப் பார்த்து நாளைக் காலையிலிருந்து ஆரம்பிக்கிறான். சரி, அது அவரவர் இஷ்டம். ஆனால் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறவனுக்கு ஒரு டயட்டின் முன்பாதியும் தெரியும், பின்பாதியும் தெரியும். வீடியோ போடுகிறவர்களுக்கு முன்பாதி போதும், அதுதான் வித்தியாசம்.

முதலில் அந்த மூன்று கிலோ. எந்த டயட்டை எடுத்தாலும் விளம்பரம் இதில்தான் நிற்கிறது. ‘ஒரே வாரத்தில் மூணு கிலோ.’ பொய் என்று சொல்ல மாட்டேன், மிஷினில் ஏறி நின்றால் நிஜமாகவே குறைந்திருக்கும். எது குறைந்தது என்பதுதான் விஷயம். நம் உடம்பு கல்லீரலிலும் தசையிலும் சர்க்கரையை கிளைக்கோஜனாக மாற்றிச் சேர்த்து வைத்திருக்கிறது, எல்லாம் சேர்த்து சுமார் அரைக் கிலோ இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் தன்னோடு மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோறு, இட்லி, சப்பாத்தி எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் இந்தக் கையிருப்பில் பெரும்பகுதி கரைந்துவிடும், பிடித்து வைத்திருந்த தண்ணீரும் சிறுநீரில் போய்விடும். இன்சுலின் இறங்குவதால் சிறுநீரகம் உப்பையும் கூடுதலாக வெளியேற்றும், உப்பு போனால் அதன் பின்னாலேயே தண்ணீரும் போகும். குடலில் இருக்கிற சாப்பாட்டின் கனமும் குறைந்திருக்கும். இதையெல்லாம் கூட்டினால் இரண்டு, இரண்டரை, மூன்று கிலோ. கொழுப்பு இன்னும் அசைந்தே கொடுத்திருக்காது.

நம்பிக்கை வரவில்லை என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. மூன்று கிலோ கொழுப்பு கரைய வேண்டும் என்றால் 23,000 கலோரி பற்றாக்குறை வேண்டும். ஒரு நாளைக்கு 2,000 கலோரி செலவழிக்கிற ஆள் ஏழு நாளும் பச்சைத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் தொடாமல் கிடந்தால்கூட 14,000தான் வரும். அதாவது, முழுப் பட்டினி கிடந்தாலும் ஒரு வாரத்தில் இரண்டு கிலோ கொழுப்பு கரையாது. ஷேக் குடித்து, பாதாம் தின்று எப்படி மூன்று கிலோ கொழுப்பு போகும்? போகாது. போனது தண்ணீர். எட்டாவது நாள் ஒரு கல்யாணத்துக்குப் போய் இலையில் உட்கார்ந்து எழுந்தால் அதில் பாதி மறுநாள் காலையிலேயே மிஷினில் தெரியும். அதைப் பார்த்து “ஒரு வேளை சாப்பிட்டதுக்கே ஒரு கிலோ ஏறிப்போச்சே, எனக்குச் சோறே ஆகாது” என்று முடிவுக்கு வருகிறார்கள் பாருங்கள், அங்கேதான் வியாபாரம் ஆரம்பிக்கிறது. டயட் பலித்தது, நீதான் கெடுத்துக்கொண்டாய் என்று பழி உங்கள் தலையில் விழுந்துவிடும்.

எங்கள் ஊரில் இப்போது ஓடுகிற வகைகள் கொஞ்சமில்லை. கொஞ்ச வருஷத்துக்கு முன் பேலியோ அலை அடித்தது, காலையில் நூறு பாதாம், மதியம் முட்டையும் பனீரும், சாயங்காலம் வெண்ணெய் போட்ட டீ. நூறு பாதாம் என்பது 120 கிராம், கிட்டத்தட்ட 700 கலோரி, நாலு பேர் இருக்கிற வீட்டில் ஒருத்தருக்கு மட்டும் தினமும் அதற்கு ஆகிற செலவை நான் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் ஏழு நாள் ஜி.எம். டயட், ஒரு நாள் பழம் மட்டும், ஒரு நாள் காய் மட்டும், நாலாம் நாள் வாழைப்பழமும் பாலும். அமெரிக்கக் கார் கம்பெனி தன் தொழிலாளிகளுக்காக உருவாக்கியது என்று ஒரு கதையும் சேர்ந்தே வரும், அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. காலனிக்குக் காலனி காலையில் ஷேக் கலந்து கொடுத்து, எடை பார்த்து, ஆள் சேர்த்துவிட்டால் கமிஷன் கொடுக்கிற இடங்கள். இவை எல்லாமே ஒன்றுக்கொன்று எதிராகப் பேசும். ஒன்றில் பழம் அமிர்தம், இன்னொன்றில் பழம் விஷம். ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோருக்கும் ஒற்றுமை: சோறுதான் எதிரி.

சோற்றைப் பற்றி ஒரு தகவல் சொல்கிறேன். 1939இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் கெம்ப்னர் என்ற மருத்துவர், ரத்தக் கொதிப்பும் சிறுநீரகக் கோளாறும் முற்றியவர்களுக்கு ஒரு உணவு முறையைக் கொடுக்க ஆரம்பித்தார். அதில் இருந்தது வெள்ளை அரிசிச் சோறு, பழம், பழச்சாறு, சர்க்கரை. உப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது. பிரஷர் இறங்கியது, கூடவே ஆட்களும் இளைத்தார்கள். பிற்பாடு எடை குறைக்கவென்றே பணக்காரர்கள் அங்கே போய்த் தங்கி அந்தச் சோற்றைத் தின்றார்கள். நீங்களும் அப்படிச் சாப்பிடுங்கள் என்று நான் சொல்லவில்லை, அதுவும் ஒரு கோணல்தான், ஆஸ்பத்திரிக் கண்காணிப்பில் மட்டுமே செய்யக்கூடியது. ஆனால் வெறும் சோற்றைத் தின்று இளைத்திருக்கிறார்கள், சோற்றைத் தொடாமலும் இளைத்திருக்கிறார்கள் என்றால் விஷயம் சோற்றில் மட்டும் இல்லை என்று தெரிகிறதா? வட ஆற்காட்டில் நம் தாத்தா பாட்டி காலத்தில் கேழ்வரகுக் களிதான் பெரும்பாலும், நெல்லுச்சோறு அமாவாசைக்கும் கிருத்திகைக்கும்தான் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதைப் பிடித்துக்கொண்டு இப்போது சிறுதானியம் தின்றால் இளைக்கும் என்று இன்னொரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து நிறைய, நார்ச்சத்தும் உண்டு, நல்ல தானியம். ஆனால் நூறு கிராம் கேழ்வரகுக்கும் நூறு கிராம் அரிசிக்கும் கலோரியில் பெரிய வித்தியாசம் இல்லை. தாத்தா இளைத்திருந்தது களியால் அல்ல, பொழுது சாயும் வரை கழனியில் நின்றதால்.

மாவுச்சத்தை அடியோடு விட்டுக் கொழுப்பைச் சாப்பிடுகிற கீட்டோ டயட்டில் இருக்கிற ஒருத்தரை ஆம்பூர் பிரியாணிக் கடையில் எதிர் மேஜையில் பார்த்தேன். பீஸை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு சீரக சம்பாவை இலையோரம் ஒதுக்கி வைத்தார். இதைப் பற்றி ஆரோக்கியக் கோணத்தில் எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. மனசு கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இனி பின்பாதி. மூன்றாவது வாரத்துக்கு மேல் பசி ஏன் அப்படிப் பிடுங்குகிறது, ஏன் எரிச்சல் வருகிறது, ஏன் எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பாகவே இருக்கிறது என்பதற்கு நல்ல விடை ஒரு பழைய ஆராய்ச்சியில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிகிற சமயம், 1944-45இல், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடு, ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார். ஐரோப்பாவில் பசியால் வாடியவர்களை எப்படித் தேற்றுவது என்று தெரிந்துகொள்ளத்தான். கிட்டத்தட்ட கால்வாசி எடை போனது. கூடவே உடம்பின் செலவும் இறங்கியது, சம்பளம் பாதியான வீட்டில் மின்விசிறியை நிறுத்தி, பாலைக் குறைத்து, துணியைக் கையில் துவைக்க ஆரம்பிப்பதுபோல. குளிர் தாங்கவில்லை, இதயத் துடிப்பு மெதுவானது, சிரிப்புப் போனது, சிலர் சமையல் குறிப்புப் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டை மறுபடி தாராளமாகக் கொடுத்தபோதும் பசி அடங்க மாதக்கணக்கானது, கொழுப்பு முன்பிருந்ததைவிட அதிகமாக ஏறியது. இதில் நம் காதில் விழ வேண்டிய எண் எது தெரியுமா? அந்த ‘அரைப்பட்டினி’ ஒரு நாளைக்குச் சராசரியாக 1,570 கலோரி. வாட்ஸ்அப்பில் வருகிற சார்ட்டுகள் 800, 900 என்று கொடுக்கின்றன.

அதற்குப் பக்கத்தில் இதையும் வையுங்கள். அமெரிக்காவில் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் எடை குறைத்துக் காட்டிய 14 பேரை ஆறு வருடம் கழித்துக் கூப்பிட்டுச் சோதித்து, கெவின் ஹால் என்ற ஆராய்ச்சியாளரின் குழு 2016இல் எழுதியது. 14 பேரில் 13 பேருக்கு எடை திரும்ப ஏறியிருந்தது. ஏறியது ஒரு பக்கம் இருக்கட்டும், ஆறு வருடம் ஆகியும் அவர்கள் உடம்பு சும்மா இருக்கும்போது செலவழிக்கிற சக்தி, அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட நாளைக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்தது. அவர்களுக்கு ஆள் வைத்து, உடற்பயிற்சி கொடுத்து, கேமரா முன்னால் வைத்து இளைக்க வைத்தார்கள். அவர்களுக்கே அந்தக் கதி. அதனால் அடுத்த முறை யாராவது உங்களைப் பார்த்து “உனக்கு மனசுல உறுதி இல்ல” என்றால் பதில் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள்.

என் கவுண்டரில் பின்பாதி எப்படி வரும் என்றால், முதலில் மலச்சிக்கல். இசப்கோல் கேட்டு வருவார்கள். அப்புறம் கேஸ் மாத்திரை. இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரையும் ஷாம்பூவும் கேட்டு வருவார்கள், பெரும்பாலும் காலேஜ் பெண் பிள்ளைகள், அல்லது கல்யாணத்துக்கு முன் இளைக்க வேண்டும் என்று வீட்டில் நச்சரிக்கப்பட்டவர்கள். முடி கொட்டுவதற்கும் டயட்டுக்கும் முடிச்சுப் போட அவர்களுக்குத் தோன்றவே தோன்றாது, ஏனென்றால் டயட்டை விட்டு ஒரு மாதம் ஆகியிருக்கும். பட்டினியோ புரதக் குறைவோ வந்தால் தலைமுடியின் வேர்கள் நிறைய ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும், ஓய்வுக்குப் போன முடி உதிர இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தால் சில மாதங்களில் திரும்ப வளர்ந்துவிடும். பயோட்டினை நான் தள்ளிவிடுவதில்லை, கீரையும் முட்டையும் சுண்டலும் சாப்பிடும்மா என்று சொன்னால் ஏதோ விலை கம்மியான சரக்கைத் தள்ளப் பார்க்கிறான் என்கிற மாதிரிப் பார்ப்பார்கள்.

முடியாவது வளரும். பித்தப்பைக் கல் வளர்ந்தால் வம்பு. வேகமாக இளைக்கும்போது கல்லீரல் பித்தநீரில் கொலஸ்ட்ராலை அதிகமாகக் கலக்கிறது, நேரத்துக்குச் சாப்பிடாததாலோ கொழுப்பே இல்லாமல் சாப்பிடுவதாலோ பித்தப்பை சுருங்கி விரிகிற வேலையும் குறைந்துபோகிறது, தேங்கின பித்தநீரில் கல் கட்டுகிறது. வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்குகிறவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். வலது விலா எலும்புக்குக் கீழே பிடித்துக்கொண்டு, “அண்ணே கேஸ்னு நினைக்கிறேன், ஒரு நல்ல மாத்திரை கொடுங்க” என்று வருகிறவரிடம் சமீபத்தில் எடை குறைத்தீர்களா என்று கேட்பதை இப்போதெல்லாம் வழக்கமாக்கிக்கொண்டேன். ஆமாம் என்றால் மாத்திரை கிடையாது, போய் ஸ்கேன் எடுங்கள்.

சரி, ஆரம்பித்த இடத்துக்கு வருகிறேன், மாத்திரை. இதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் ஆய்வு 2023இல் சொன்னது. வேலூரில் எந்தத் தெருவில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் பிரிட்ஜ் மேலேயோ டிவி பக்கத்திலேயோ ஒரு மாத்திரை டப்பா இருக்கும். அந்த டப்பாவில் இருக்கிற மாத்திரைகள் எல்லாம், அவர் வழக்கமாகச் சாப்பிடுகிற சாப்பாட்டை மனதில் வைத்து டாக்டர் எழுதியவை. சாப்பாட்டை மட்டும் ஒரே நாளில் தலைகீழாக மாற்றிவிட்டு மாத்திரையை அப்படியே விழுங்கினால் என்ன ஆகும்?

போன கோடையில் சத்துவாச்சாரி பக்கத்து அம்மா ஒருவர், எனக்கு நீண்ட நாள் பழக்கம், பதினோரு மணி வெயிலில் கடைக்கு வந்தார். வெயில் என்று நினைத்தேன், ஆனால் வியர்வை வேறு மாதிரி இருந்தது, நெற்றியில் முத்து முத்தாக, முகம் வெளுத்து. பர்ஸ் ஜிப்பைத் திறக்க முயன்று விரல் நிற்காமல் மறுபடி மறுபடி வழுக்கியது.

“இன்னாமா, உடம்பு சரியில்லையா?”

“ஒண்ணும் இல்ல தம்பி, காலையிலருந்து ஒரே படபடப்பு. பிரஷரா இருக்கும்னு...” வார்த்தை முடியவில்லை.

கடைப் பையன் ஸ்டூலை இழுத்துப் போட்டான். விரலில் குத்திப் பார்த்தால் சுகர் 52. எழுபதுக்குக் கீழே போனாலே லோ சுகர். குளுக்கோஸ் பாக்கெட்டைப் பிரித்து மூன்று ஸ்பூன் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தோம், கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தபோது தொண்ணூறைத் தாண்டியிருந்தது. கை நடுக்கம் நின்ற பிறகுதான் விஷயம் வந்தது. பெங்களூரில் இருக்கிற மகள் அம்மாவை ஒரு ஆன்லைன் குரூப்பில் சேர்த்துவிட்டிருக்கிறாள். பதினாறு மணி நேரம் விரதம், முதல் சாப்பாடு பன்னிரண்டு மணிக்கு. ஆனால் காலை மாத்திரையை வழக்கம்போல ஏழு மணிக்கே போட்டுக்கொண்டிருக்கிறார், “மாத்திரையை விடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்கல்ல.” அவர் சாப்பிடுவது கிளிமிபிரைடு. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது, கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். மாத்திரை தன் வேலையைச் செய்தது, சாப்பாடுதான் வரவில்லை. அவர் கடை வரை நடந்து வந்ததால் பரவாயில்லை. வீட்டில் தனியாக இருந்து மயங்கியிருந்தால்?

இதற்கு நேர் எதிராக ஒன்று சொல்கிறேன். ரம்ஜானுக்கு முன்னால் எங்கள் ஊர் பாய்மார்களில் பலர் டாக்டரைப் பார்த்துவிட்டுப் புதுச் சீட்டோடு வருவார்கள். எந்த மாத்திரையை சஹருக்கு, எதை இஃப்தாருக்கு, எதைப் பாதியாக்க வேண்டும், எதை இந்த மாதம் நிறுத்த வேண்டும் என்று தனியாக எழுதியிருக்கும். நோன்பு வைக்கிறவருக்கு டாக்டரிடம் கேட்க வேண்டும் என்று தெரிகிறது. அதே பட்டினியை யூடியூப் பார்த்து இருக்கிறவருக்குத் தோன்றமாட்டேன் என்கிறது. இதில் எது அறிவியல், எது நம்பிக்கை என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கீட்டோவில் இன்னொரு கண்ணி இருக்கிறது, அது இதைவிட மோசம், ஏனென்றால் மீட்டரிலும் சரியாகப் பிடிபடாது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி ‘கிளிஃப்ளோசின்’ என்று முடிகிற மாத்திரைகள். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகிறவை, இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்கிற அருமையான மருந்துகள். 2020இல் டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை முடிந்து விலை சரிந்த பிறகு சீட்டுக்குச் சீட்டு வருகிறது. இதைச் சாப்பிடுகிறவர் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறி கீட்டோஅசிடோசிஸ் வரலாம். வழக்கமாக அது வந்தால் சுகர் 300, 400 என்று காட்டும், யாருக்கும் சந்தேகம் வரும். இந்த மாத்திரையோடு வந்தால் சுகர் 200க்குள்ளேயே இருக்கக்கூடும். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குவது என்று இருக்கும், மீட்டரைப் பார்த்து சுகர் ஒழுங்காகத்தான் இருக்கிறது, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை போல என்று படுத்துவிடுவார்கள். அது ஐ.சி.யூ. கேஸ். உங்கள் மாத்திரை அட்டையின் பின்பக்கம் பெயர் இப்படி முடிந்தால் டாக்டரைக் கேட்காமல் கீட்டோ பக்கமே போகாதீர்கள்.

பிரஷர் மாத்திரையும் இதே கதைதான், கொஞ்சம் மெதுவாக. முதல் வாரத்தில் உப்பும் தண்ணீரும் போகும் என்றேன் அல்லவா, அப்போது பிரஷரும் இறங்கும். பழைய அளவு மாத்திரை அதற்கு மேல் இறக்கும். நம் ஊர் மே மாத வெயில் நாற்பதைத் தாண்டுகிற நாளில் நீர் பிரிகிற மாத்திரையும் சேர்ந்துகொண்டால், உட்கார்ந்து எழுந்திருக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வரும்.

ஜூஸ் கோஷ்டியையும் விடக் கூடாது. காலையில் கோட்டையைச் சுற்றி நடப்பது நல்ல பழக்கம், நடந்துவிட்டு வந்து குடிக்கிற ஜூஸில்தான் எனக்குப் பயம். அருகம்புல், வாழைத்தண்டு, சுரைக்காய் எல்லாமே ‘இயற்கை’ என்பதால் யாரும் யோசிப்பதில்லை. சுரைக்காய் சில சமயம் கசக்கும், கசப்புக்குக் காரணமான குக்குர்பிட்டாசின் விஷத்தன்மை உள்ளது. கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து ரத்த வாந்தி எடுத்தவர்கள், இறந்தவர்கள் இந்தியாவில் இருக்கிறார்கள், ஐ.சி.எம்.ஆர். இதற்கென்றே நிபுணர் குழு போட்டு ஆராய்ந்தது. சமைத்தால் கசப்பை வாயில் வைத்ததுமே துப்பிவிடுவோம். மருந்து என்று நினைத்துக் குடிப்பவர்தான் கசந்தால் இன்னும் நல்லது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு முழு டம்ளரையும் விழுங்குவார். துளி நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் கொட்டிவிடுங்கள். கிட்னி பாதிப்பு உள்ளவர்களுக்கு இந்தச் சாறுகளில் இருக்கிற பொட்டாசியம் தனித் தலைவலி. ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பதையும் பிடித்துக்கொண்டு கொள்ளுப் பொடி, கொள்ளுத் தண்ணீர் என்று போகிறார்கள். கொள்ளு ரசம் எனக்கும் பிடிக்கும், புரதம் உள்ள நல்ல பருப்பு, ஆனால் கொழுப்பை அது போய்க் கரைக்காது.

அப்போ எதுதான் நல்ல டயட் என்று கேட்டால், ஆராய்ச்சி சொல்கிற பதில் சப்பென்று இருக்கும். ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு மாவுச்சத்தைக் குறைத்தும் இன்னொரு பாதிக்குக் கொழுப்பைக் குறைத்தும் ஒரு வருடம் பார்த்தார்கள், 2018இல் முடிவு வந்தது. சராசரியாக ஒரு பக்கம் ஆறு கிலோ, இன்னொரு பக்கம் 5.3 கிலோ, சொல்லிக்கொள்கிற வித்தியாசம் இல்லை. சீனாவில் 139 பேரிடம் விரத முறையைச் சோதித்து 2022இல் வெளியிட்டார்கள். ஒரே அளவு கலோரியை எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டவர்களும் நேரக் கட்டுப்பாடு இல்லாமல் சாப்பிட்டவர்களும் ஒரு வருடத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இளைத்தார்கள். அதாவது, மொத்தமாகக் குறைத்துச் சாப்பிட்டால் இளைக்கும், எதைக் குறைத்தாலும் சரி, அதை விடாமல் செய்ய முடிந்தால். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வாரத்துக்கு அரைக் கிலோ குறைவதே பத்திரம், ஒரு நாள் உணவு ஆயிரம் கலோரிக்குக் கீழே போகக் கூடாது என்கிறது. வாரத்துக்கு அரைக் கிலோ என்று போட்டால் எந்த வீடியோ ஓடும்? அதனால்தான் யாரும் போடுவதில்லை.

எடை மிஷினையே நம்பிக்கொண்டிருப்பதும் நமக்குச் சரிவராது. பூனாவைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக் 2004இல் லான்செட் இதழில் தன் படத்தையும் பிரிட்டிஷ் டாக்டர் யுட்கினின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். இரண்டு பேருக்கும் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்கிற கணக்கு, 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. நம் ஆட்கள் ஒல்லியாக இருந்தும் வயிற்றில் கொழுப்பைச் சுமக்கிறவர்கள். பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும், திரும்ப ஏறும்போது கொழுப்புதான் முதலில் ஏறும். நாலு முறை டயட் இருந்து நாலு முறை விட்டவருடைய எடை பழைய இடத்தில் இருக்கலாம், உடம்பு பழைய உடம்பு இல்லை. அதனால் என்னிடம் கேட்டால் டெய்லர் டேப் வாங்குங்கள் என்பேன். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ., அதற்கு மேல் போனால் எடை எவ்வளவு இருந்தாலும் கவனிக்க வேண்டியதுதான்.

2025இல் இருந்து இந்தியாவில் எடை குறைக்கிற ஊசிகளும் வந்துவிட்டன. “தம்பி, அந்த ஊசி இருக்கா” என்று சீட்டு இல்லாமல் கேட்கிறார்கள். சீட்டு இல்லாமல் தரமாட்டேன். நல்ல மருந்துதான், தேவைப்படுகிறவர்களுக்கு டாக்டர் எழுதுவார், ஆனால் ஊசியை நிறுத்திய ஒரு வருடத்தில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறியதாக, அந்த ஊசிகளில் ஒன்றான செமாக்ளுடைடை வைத்துச் செய்த ஆய்வு காட்டியது. கல்யாணத்துக்கு இரண்டு மாதம் போட்டுக்கொள்கிறேன் என்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு கேட்கலாம்.

அப்புறம் ஒன்று, யாரும் பேசாதது. வீட்டில் ஒருத்தர் டயட் ஆரம்பித்தால் இரண்டு சமையல் செய்கிறவர் யார்? டயட் இருக்கிறவருக்குக் காலிஃபிளவரைத் துருவி வதக்கி, பிள்ளைகளுக்குச் சோறு வடித்து, மாமியாருக்குக் குழையக் கஞ்சி வைத்து, கடைசியில் நின்றுகொண்டே மிச்சத்தைச் சாப்பிடுகிற அக்காக்களைத்தான் நான் சுகர் மாத்திரைக்குச் சீட்டோடு பார்க்கிறேன். டயட் இருந்தவர் ஆறாவது வாரம் பரோட்டாக் கடையில் இருப்பார்.

எனக்குத் தெரிந்து எடையை இறக்கி, இறக்கினதை அப்படியே வைத்துக்கொண்டும் இருப்பவர்கள் எல்லாம் சுவாரசியமில்லாத ஆட்கள். டீயில் சர்க்கரையை விட்டார்கள். சோற்றில் ஒரு கரண்டி குறைத்து அந்த இடத்தில் காயும் பருப்பும் வைத்தார்கள், இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயாக இருந்தாலும் எண்ணெயில் மிதக்கவிடாமல். ராத்திரி சாப்பாட்டை எட்டு மணிக்கு முன்னால் கொண்டுவந்தார்கள். தினமும் நடந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை விடவில்லை, இரண்டாவது பிளேட்டை விட்டார்கள். ஒருத்தர் வாயிலிருந்தும் டயட் என்கிற பேச்சு வந்ததில்லை. ஒரு வருடம் கழித்துச் சீட்டில் மாத்திரை ஒன்று குறைந்திருக்கும், அப்போதுதான் எனக்கே தெரியும்.

நீங்கள் டயட்தான் இருப்பேன் என்றால் தடுக்க எனக்கு உரிமை இல்லை. அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியோ, நீங்கள் காட்டுகிற வேறு இடமோ, சாப்பாட்டை இப்படி மாற்றப் போகிறேன், மாத்திரையை என்ன செய்யட்டும் என்று முதலில் கேட்டுவிடுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவருகிற அக்காவிடம் சொன்னாலும் சரி, சுகரும் பிரஷரும் பார்த்துவிட்டு யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்வார். அந்த பவுடர் டின்கள் என் கடை ஷெல்ஃபிலும் இருக்கின்றன, மறைக்கவில்லை, லாபமும் அதில் நன்றாகவே நிற்கும். கேட்டால் பில் போட்டுக் கொடுப்பேன். கொடுக்கும்போது கேட்கிற கேள்வி உங்களுக்குத்தான் தெரியுமே, சீட்டைக் கையோடு எடுத்து வந்துவிட்டால் இரண்டு பேருக்கும் வேலை சீக்கிரம் முடியும்.